'மசோதா நிறைவேறியது' என்று பேப்பரில் வந்தால், அன்றே அது சட்டமா?

கேள்வி மலேசியாவில், பினாங்கு கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்தும் ஒரு தம்பியிடமிருந்து வந்தது. அவர் கேட்டது இதுதான்: "ஒரு நாள் 'மசோதா தாக்கல்' என்று பேப்பரில் வருகிறது. அடுத்த வாரம் 'மக்களவையில் நிறைவேறியது' என்கிறார்கள். ரெண்டு மாதம் போனால் 'அரசிதழில் வெளியானது' என்கிறார்கள். அதற்கப்புறமும் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்கிறார்கள். இதில் எது வந்தால் நான் கடையில் மாற்றம் செய்ய வேண்டும்? எங்களுக்கு ஒத்துவராத ஒன்று வந்தால் யாரிடம், எப்போது போய்ச் சொல்வது?"

தம்பி, நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கடையில் மாற்றம் செய்ய வேண்டிய நாள், அரசிதழில் அமலாக்கத் தேதி என்று அச்சாகும் நாள். அதற்கு முன்னால் வரும் எந்தத் தலைப்புச் செய்தியும் உங்களைக் கட்டாது. ஆனால் வாய் திறந்து பேச வேண்டிய நாள் அதற்கு வெகு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. பல சமயம் பேப்பரில் முதல் செய்தி வருவதற்குள்ளேயே போய்விடும். ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். பேப்பரைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். சிலர் இன்னும் சட்டமே ஆகாத ஒன்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் 'எங்களை யாருமே கேட்கவில்லையே' என்பார்கள், ஆனால் கேட்ட காலம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். உங்கள் கேள்வி இந்த இரண்டையும் சேர்த்தே தொடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மசோதா பிறக்கும் இடம் நாடாளுமன்றம் இல்லை. அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் ஏதாவது ஓர் அமைச்சில் அது பிறக்கிறது. 'இதற்கு ஒரு சட்டம் வேண்டும்' என்று அமைச்சு முடிவு செய்து, கொள்கையை எழுதி, சம்பந்தப்பட்ட சங்கங்களையும் மற்ற இலாகாக்களையும் கூப்பிட்டுப் பேசும். பிறகு சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைச் சட்ட மொழியில் வரையும். அமைச்சரவை ஒப்புக்கொள்ளும். இதெல்லாம் முடியச் சில மாதமும் ஆகலாம், சில வருடமும் ஆகலாம். மக்களவைக்கு வரும்போது அது ஏறக்குறைய வெந்த சோறு. மக்களவையில் உப்பு, காரம் கொஞ்சம் மாற்றலாம், அரிசியை மாற்றுவது கஷ்டம். அமைச்சு கூப்பிடும் அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய கம்பெனிகள் ஆள் அனுப்பும். கடைத்தெருக்காரர்களுக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. என் மனதை உறுத்தும் இடம் இதுதான்.

சரி, மக்களவைக்கு வருவோம். 'தாக்கல்' என்று பேப்பர் சொல்வது முதல் வாசிப்பு. பெயர்தான் வாசிப்பு, அன்று மசோதாவின் நீண்ட தலைப்பை மட்டுமே படிப்பார்கள். அச்சு வசதி இல்லாத காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் முழு மசோதாவையும் உரக்கப் படித்ததால் வந்த பெயர் அது. விவாதமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஆனால் நமக்கு அன்றுதான் மசோதாவின் முழு வாசகம் கையில் கிடைக்கிறது. அட்டையில் 'டி.ஆர்.' என்று போட்டு ஒரு எண்ணும் வருடமும் இருக்கும். மக்களவையின் மலாய்ப் பெயரான டேவான் ராக்யாட் என்பதன் சுருக்கம் அது. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேடி எடுத்துவிடலாம். எடுத்ததும் முதல் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள், கடைசிக்குப் போங்கள். அங்கே 'ஹுராயான்' என்ற தலைப்பில் ஒவ்வொரு பிரிவும் எதற்காக என்று சாதாரண மொழியில் விளக்கம் இருக்கும். இந்த மசோதாவால் அரசாங்கத்துக்குச் செலவு உண்டா என்பதும் அதற்குக் கீழேயே இருக்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வரும், தமிழில் வராது. நம் வயதானவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் நான் அதிகம் செய்த வேலையும் அதுதான்.

இரண்டாம் வாசிப்பில்தான் விவாதம். இந்த மசோதா தேவையா, அதன் நோக்கம் சரியா என்று உறுப்பினர்கள் பேசுவார்கள், கடைசியில் அமைச்சர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். அது முடிந்ததும் மொத்தச் சபையும் ஒரு குழுவாக மாறிவிடும். அதே மண்டபம், அதே நாற்காலி, அதே ஆட்கள். ஆனால் சபாநாயகரை இப்போது 'துவான் பெங்கெருசி', அதாவது குழுத் தலைவர், என்று கூப்பிடுவார்கள். இங்கே பிரிவு பிரிவாகப் பார்க்கிறார்கள். ஒரு சொல்லை நீக்குவதோ ஒரு வரியைச் சேர்ப்பதோ இந்தக் கட்டத்தில்தான். பிறகு மூன்றாம் வாசிப்பு, பெரும்பாலும் சில நிமிட வேலை. அதுவும் முடிந்தால்தான் 'மக்களவையில் நிறைவேறியது' என்று நீங்கள் படிக்கும் செய்தி வரும்.

வாக்கெடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண மசோதாக்களுக்குக் குரல் வாக்கெடுப்புதான். ஆதரிப்பவர்கள் 'யா' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'தீடாக்' என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று சபாநாயகர் முடிவு சொல்வார். 15 பேர் எழுந்து நின்று கேட்டால்தான் மணி அடித்து, கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக எண்ணுவார்கள். அப்படி எண்ணும்போதுதான் யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு நாடாளுமன்றப் பேச்சுப் பதிவேடான ஹன்சார்டில் பதிவாகும். குரல் வாக்கெடுப்பில் போன மசோதாவுக்கு உங்கள் ஒய்.பி., அதாவது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர், என்ன சொன்னார் என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. அவரே சொன்னால்தான் உண்டு. 222 பேர் இருக்கும் மக்களவையில் கூட்டம் நடக்க, சபாநாயகரைச் சேர்க்காமல் 26 பேர் இருந்தால் போதும் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். உங்கள் ஒய்.பி.யைப் பார்க்கும்போது 'அன்று சபையில் இருந்தீர்களா?' என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

அரசியலமைப்பைத் திருத்தும் மசோதா என்றால் கணக்கே வேறு. வந்திருப்பவர்களில் பெரும்பான்மை அங்கே போதாது. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 148 ஓட்டு. இரண்டாம் வாசிப்பிலும் வேண்டும், மூன்றாம் வாசிப்பிலும் வேண்டும். 2019 ஏப்ரல் 9 அன்று சபா, சரவாக் மாநிலங்கள் பற்றிய முதலாவது விதியைத் திருத்தும் மசோதா வந்தது. 138 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை, 59 பேர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றார்கள். மசோதா தோற்றது. எதிர்ப்பே இல்லாமல் ஒரு மசோதா தோற்க முடியும் என்று அன்றைக்கு எத்தனையோ பேருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. ஒதுங்கி நிற்பதும் அங்கே எதிர்ப்பு ஓட்டுக்குச் சமம். அதே விதியைத் திருத்த 2021 டிசம்பர் 14இல் மறுபடி ஒரு மசோதா வந்தது. அப்போது 199 ஓட்டு விழுந்தது.

நீங்கள் கடைக்காரர் என்பதால், உங்கள் கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் சிகரெட் அலமாரியையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மசோதா எப்படியெல்லாம் அலையும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2022 ஜூலையில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், புகைப்பொருள் கட்டுப்பாட்டு மசோதாவை மக்களவைக்குக் கொண்டுவந்தார். 2007 ஜனவரி 1க்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க சிகரெட் விற்கக் கூடாது என்பது அதிலிருந்த பெரிய விஷயம். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டாம் வாசிப்பு விவாதம் நடந்தது. அரசாங்கத் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் சந்தேகங்கள் எழுந்தன. வாக்கெடுப்புக்குப் போகாமல், உறுப்பினர்கள் சிலர் மட்டும் உட்கார்ந்து மசோதாவை ஆராயும் சிறப்புத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு உட்கார்ந்து பேசியது. அந்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. மசோதாவும் அத்தோடு போனது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கூட்டத்தொடர் முடிந்து அடுத்த தொடர் தொடங்குவதால் மட்டும் மசோதா சாகாது, அரசியலமைப்பின் 55ஆவது விதி அதைக் காப்பாற்றுகிறது. நாடாளுமன்றமே கலைந்தால்தான் பாதியில் நின்ற மசோதாக்கள் காலாவதியாகும். புதிய அரசாங்கம் முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டும்.

தேர்தல் முடிந்து புதிய அரசாங்கம் வந்தது. 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டினை விஷப் பொருள்கள் பட்டியலிலிருந்து விலக்கும் உத்தரவு அரசிதழில் வந்தது. வேப் எனும் மின்சிகரெட்டின் திரவத்துக்கு வரி போடுவதற்காக எடுத்த முடிவு அது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, ஓட்டு இல்லை. அமைச்சருக்கு ஏற்கெனவே இருந்த சட்டம் கொடுத்த அதிகாரத்தில் ஒரே நாளில் முடிந்தது. விளைவு என்ன? அதுவரை நிக்கோட்டின் வேப்பைக் கட்டுப்படுத்திய வேலி விழுந்தது. புதிய வேலியாக வர வேண்டிய மசோதா இன்னும் தாக்கலே ஆகவில்லை.

ஜூன் 2023இல் மசோதா மறுபடி வந்தது. மறுபடி தேர்வுக் குழுவுக்குப் போனது. நவம்பர் கடைசியில் அதை மீட்டுக்கொண்டு, பிறந்த ஆண்டை வைத்து விற்பனையைத் தடுக்கும் பகுதி இல்லாத புதிய மசோதாவைக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்று சொல்லும் 8ஆவது விதிக்கு அந்தப் பகுதி முரணாகலாம் என்பது சட்டத்துறைத் தலைவர் தரப்பின் கருத்து. நவம்பர் 30இல் மக்களவை ஏற்றது, டிசம்பரில் மேலவை ஏற்றது. 2024 பிப்ரவரி 2இல் 852ஆவது சட்டமாக அரசிதழில் வந்தது. அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1ஆம் தேதி. கடையில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது என்ற தடைக்குத் தனியாக அவகாசம் கொடுத்து, 2025 ஏப்ரல் 1 என்று தேதி வைத்தார்கள்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மக்களவையில் நிறைவேறிய செய்தி வந்தது 2023 நவம்பரில். உங்கள் அலமாரிக் கதவைச் சாத்த வேண்டிய நாள் வந்தது 2025 ஏப்ரலில். நடுவில் பதினாறு மாதம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், செய்தியைப் படித்த மறுநாளே அலமாரியைப் பிரித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர் வியாபாரம் செய்வதைப் பார்த்து வருத்தப்பட்டார். அவரை யாரும் ஏமாற்றவில்லை, பேப்பரில் பொய்யும் இல்லை. 'நிறைவேறியது' என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள்தான் வேறாகிவிட்டது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மார்ச் 2023க்கும் அக்டோபர் 2024க்கும் இடையில் இருந்த பதினெட்டு மாதம், பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு நிக்கோட்டின் வேப் விற்கக் கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் இல்லாமல் கழிந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு மசோதா மெதுவாக நகர்வதில் நல்லதும் உண்டு, நாலு பேர் யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்துக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் கொடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

மேலவைக்கு வருகிறேன். 'அது வெறும் ரப்பர் முத்திரை' என்று நம் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். முழுக்க உண்மை இல்லை. 70 செனட்டர்கள். 13 மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுக்கு இருவராக 26 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன, மீதி 44 பேர் மாமன்னரின் நியமனம். நியமிக்கப்படுபவர்கள் பொதுச் சேவையிலோ தொழிலிலோ பெயர் பெற்றவர்களாகவோ, சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகளாகவோ இருக்கலாம் என்று 45ஆவது விதியே சொல்கிறது. நம்மவர்கள் அங்கே தொடர்ந்து இருந்து வருவதற்கு அந்த வரியும் ஒரு காரணம். பண மசோதாவை மேலவை ஒரு மாதம்தான் தாமதிக்க முடியும். மற்ற மசோதாக்களை ஏறக்குறைய ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாம். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் அந்தக் கால வரம்புகூடக் கிடையாது. மேலவையிலும் மூன்றில் இரண்டு கிடைக்காவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் அதிகாரம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2018இல் நடந்ததைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன். அந்த ஆண்டு ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம் வந்தது. மார்ச் 26இல் தாக்கல், ஏப்ரல் 2இல் மக்களவையில் நிறைவேற்றம், அதே மாதம் 11ஆம் தேதி அமல். அவ்வளவு வேகம். மே மாதத் தேர்தலில் அரசாங்கம் மாறியது. புதிய அரசாங்கம் அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை ஆகஸ்ட் 16இல் மக்களவையில் நிறைவேற்றியது. செப்டம்பர் 12இல் மேலவை அதை நிராகரித்தது. எதிர்த்து 28 ஓட்டு, ஆதரித்து 21. அப்போது மேலவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் மஇகாவின், அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸின், எஸ். விக்னேஸ்வரன். மேலவையில் பழைய ஆளுங்கட்சிக்கு இன்னும் பெரும்பான்மை இருந்த காலம் அது. செனட்டர்களுக்கு மூன்று வருடத் தவணை என்பதால் பொதுத் தேர்தல் நடந்ததும் அவர்கள் போய்விடுவதில்லை. 68ஆவது விதிப்படி ஒரு வருடம் காத்திருந்து, 2019 அக்டோபரில் மக்களவை அதே மசோதாவை மறுபடி நிறைவேற்றியது. டிசம்பரில் மேலவையும் ஏற்றுக்கொண்டது. கொண்டுவருவதற்குச் சில நாள், நீக்குவதற்கு ஒன்றரை வருடம். அவசரமாக ஒரு மசோதா வருகிறது என்றால் எனக்கு மனசு பதறுவது இதனால்தான்.

இரண்டு அவையும் ஏற்ற பிறகு மசோதா மாமன்னரிடம் போகும். 30 நாளுக்குள் அவர் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டாலும் 30 நாள் முடிந்ததும் ஒப்புதல் தந்ததுபோலவே அது சட்டமாகிவிடும். முன்பு இப்படி இல்லை. 1983இல் அரசாங்கத்துக்கும் சுல்தான்கள் முதலிய மாநில ஆட்சியாளர்களுக்கும் இடையே இதை வைத்துப் பெரிய இழுபறி நடந்தது. 1984இல் சமரசமாக, மாமன்னர் காரணம் சொல்லி மசோதாவைத் திருப்பி அனுப்பலாம் என்று வைத்தார்கள். 1994 திருத்தத்தில் அந்த உரிமையும் போனது. ஆனால் குடியுரிமை, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் உள்ள சிறப்பு நிலை, தேசிய மொழி போன்ற சில விஷயங்களைத் தொடும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதம் கட்டாயம். அங்கே 30 நாள் கணக்கெல்லாம் செல்லாது.

அப்புறம் அரசிதழ், நாம் பேச்சில் 'வார்த்தா' என்போமே, அது. அதில் வெளியாகும்வரை எந்தச் சட்டத்துக்கும் உயிர் கிடையாது. வெளியான பிறகும் சட்டத்தின் முதல் பிரிவைப் படிக்க வேண்டும். 'அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்' என்று ஒரு வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். சில சட்டங்களில் வெவ்வேறு பிரிவுக்கு வெவ்வேறு தேதி வைக்கலாம் என்றும் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் வருடங்கள் ஒளிந்திருக்கும்.

என் அக்கா மகளுக்கு 2019இல் பதினெட்டு வயது. ஜூலை 16 அன்று, ஓட்டுப் போடும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அதே மாதம் மேலவையும் ஏற்றது. 'மாமா, அடுத்த இடைத்தேர்தலில் நான் ஓட்டுப் போடலாமா?' என்று கேட்டாள். இன்னும் தேதி வரவில்லை, பொறு என்றேன். வருடம் ஒன்று போனது, இரண்டும் போனது. இளைஞர்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர் நீதிமன்றம், அந்த ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்துங்கள் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 15இல் அமலுக்கு வந்தது. என் அக்கா மகளுக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. எல்லாக் கட்சியும் கைதூக்கிய சட்டத்துக்கே இந்தக் கதி என்றால், தேதி என்ற ஒன்றை நாம் எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்.

இன்னொரு விஷயம், கடைக்காரர்களுக்கு இதுதான் தினசரி வாழ்க்கை. உங்களைத் தொடும் விதிகளில் பெரும்பகுதி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்து வந்தவை அல்ல. சட்டம் ஒரு கூடாரம் மாதிரி, அதற்குள் துணை விதிகளைப் போடும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்திருப்பார்கள். உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை 2019 ஜனவரி 1இல் வந்ததே, மாமாக் கடை எனும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் மேசைக்கு மூன்று மீட்டர் தள்ளிப் போய் ஊதிவிட்டு வந்தார்களே, அதற்குப் புதுச் சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 2004இல் போட்ட புகையிலை விதிமுறைகளைப் பயன்படுத்தி அமைச்சு அதைச் செய்தது. நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வழி அதுதான். அதனால் ஒரு மசோதாவைப் படிக்கும்போது 'அமைச்சர் விதிமுறைகள் வகுக்கலாம்' என்று தொடங்கும் பிரிவைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். எந்தெந்த விஷயத்துக்கு விதி போடலாம் என்று அதில் இருக்கும். நாளைக்கு உங்கள் கடைக்கு வரப் போகும் சம்மனின் விதை பெரும்பாலும் அங்கேதான். கடை உரிமம், நடைபாதை, பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு நாடாளுமன்றத்துப் பக்கமே போக வேண்டாம், அது மாநகர் மன்றத்து வேலை.

யாரிடம், எப்போது சொல்வது என்று கேட்டீர்கள். முதல் வாய்ப்பு, அமைச்சு கருத்துக் கேட்கும் காலம். உங்கள் கடைக்காரர் சங்கத்தில் ஒருவர் அமைச்சின் இணையத்தளத்தை மாதம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டால் போதும். தனி ஆளாகக் கடிதம் போடுவதைவிடச் சங்கத்தின் பெயரில், கடை எண்ணிக்கையோடு, 'இந்தப் பிரிவு, இந்தச் சொல், எங்களுக்கு இந்தச் சிக்கல்' என்று போட்டால் அதிகாரி படிப்பார். 'மசோதா வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் ஒரு பக்கம் வைத்துவிடுவார்.

இரண்டாவது, முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடைப்பட்ட நாட்கள். சில சமயம் இரண்டே நாள்தான் இருக்கும், சில சமயம் மாதக்கணக்கில் இருக்கும். அப்போது ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். அவர் விவாதத்தில் எழுந்து படிக்கக்கூடிய மாதிரி, மலாயில், உங்கள் கடையின் உண்மைக் கணக்கோடு எழுதிக் கொடுங்கள். அவர் பேசினால் அது ஹன்சார்டில் ஏறும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டிவரும். மசோதா சிறப்புத் தேர்வுக் குழுவுக்குப் போனால் அதைவிட நல்லது. குழு வெளியாட்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். சிகரெட் மசோதாவில் உருவம் மாறிய இடமே அங்கேதான்.

மூன்றாவது வாய்ப்பு, சட்டம் நிறைவேறிய பிறகு துணை விதிகள் எழுதப்படும் காலம். அவகாசம், அலமாரியின் அளவு, எச்சரிக்கைப் பலகை போன்ற விவரங்கள் இங்கேதான் முடிவாகின்றன. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று நம்மவர்கள் வீட்டுக்குப் போகும் நேரமும் இதுதான்.

போய்ச் சொன்னால் மாறுமா என்று நீங்கள் மனதுக்குள் கேட்பது தெரிகிறது. 2024 மார்ச்சில் குடியுரிமைத் திருத்த மசோதா தயாரானபோது, பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்படும் குழந்தைகளுக்குத் தானாகவே கிடைத்துவந்த குடியுரிமையை, விண்ணப்பித்துப் பெறும் ஒன்றாக மாற்றும் பகுதியும் அதில் இருந்தது. மக்கள் அமைப்புகளும் பெற்றோர்களும் வழக்கறிஞர்களும் மாதக்கணக்கில் விடாமல் பேசினார்கள். மசோதா மார்ச் 25இல் தாக்கலாவதற்குச் சில நாள் முன்பு அரசாங்கம் அந்தப் பகுதியைக் கைவிட்டது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் தகப்பனைப் போலவே குடியுரிமை கொடுக்கலாம் என்ற நல்ல பகுதி நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் 206 ஓட்டுகளோடு மக்களவை அதை ஏற்றது. நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி. எனும் அடையாள அட்டையோடு தோட்டப்புறத்தில் வாழ்ந்து முடித்த குடும்பங்களை நேரில் பார்த்த எனக்கு அது இன்றும் வலிக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கைவிடப்பட்ட பகுதி, முதல் வாசிப்புக்கு முன்னால் கைவிடப்பட்டது. பேச்சு எடுபட்ட நேரம் அதுதான்.

அடுத்த முறை 'மசோதா தாக்கல்' என்று பார்த்தால் டி.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், ஹுராயானை உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். 'நிறைவேறியது' என்று பார்த்தால் கடையில் எதையும் பிரிக்காதீர்கள். கூட்டரசு அரசிதழ் இணையத்தளத்தில் சட்டத்தின் எண்ணைத் தேடி, அமலாக்கத் தேதி பற்றிய அறிவிப்பு தனியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அதிகாரி வந்தால் காட்டுவதற்கும் உதவும்.